டெல்லி கணேஷ்: பேச்சையே வேஷமாகக் கட்டிய நடிகர்

டெல்லி கணேஷ் என்று யாராவது பேச்செடுத்தால் அடுத்த நிமிஷமே மைக்கேல் மதன காமராஜன் படத்தில் சாம்பாரில் விழுந்த மீன் வந்துவிடும். 2024 நவம்பர் 9ஆம் தேதி இரவு அவர் சென்னையில் காலமானார். மறுநாள் பலருடைய போனில் சுற்றியதும் அந்தக் காட்சிதான். அதில் தப்பில்லை, தமிழில் அதற்கு இணையான நகைச்சுவைக் காட்சிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் 80 வயது வரை இருந்து, அதில் ஏறக்குறைய 50 வருஷம் கேமரா முன்னால் நின்று, 400 படங்களுக்கு மேல் நடித்த ஒருவரைக் கல்யாணச் சமையல்காரராக மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால், அந்த மனிதர் என்ன வித்தை காட்டினார் என்பதே பிடிபடாமல் போய்விடும்.

வித்தை என்று சொல்லும் அளவுக்கு வெளியே எதுவும் தெரியாது என்பதுதான் விஷயம். முகத்தை அடையாளம் தெரியாமல் மாற்றிக்கொண்டவர் இல்லை. உடம்பைக் குறைத்தார், ஏற்றினார் என்கிற கதையெல்லாம் அவருக்குக் கிடையாது. சராசரி உயரம், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தால் திரும்பிப் பார்க்கத் தோன்றாத முகம். அந்த முகத்தை வைத்துக்கொண்டு சென்னைக் குடிசைப் பகுதியில் ரிக்‌ஷா இழுத்தார், சபாவில் மிருதங்கம் வாசித்தார், பம்பாயில் கள்ளக்கடத்தல்காரரின் வலதுகையாக இருந்தார், பாலக்காட்டு ஐயராகக் கரண்டி பிடித்தார், பொறாமை பிடித்த மனநல மருத்துவராக நெளிந்தார். இதில் ஒவ்வொன்றிலும் மாறியது பேச்சு. எந்த ஊர், எந்தத் தொழில், எத்தனை படிப்பு, எவ்வளவு கடன் என்பதெல்லாம் அவர் வாயைத் திறந்த இரண்டாவது வாக்கியத்தில் நமக்குத் தெரிந்துவிடும். பேச்சுதான் அவருடைய ஒப்பனை. அது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் தமிழ் சினிமாவின் குணச்சித்திர நடிகர்கள் எப்படி உருவானார்கள் என்பதும் கூடவே விளங்கும்.

பிறந்தது 1944 ஆகஸ்ட் 1, வல்லநாட்டில். இன்றைக்குத் தூத்துக்குடி மாவட்டம், அன்றைக்குத் திருநெல்வேலி மாவட்டம். வெளிமான் சரணாலயத்தை வைத்து இப்போது பலருக்கும் தெரிந்த ஊர். அசல் பெயர் கணேசன். 1964இல் இந்திய விமானப்படையில் சேர்ந்து 1974 வரை பத்து வருஷம் வேலை பார்த்தார். 1965, 1971 இரண்டு போர்களும் நடந்த காலம் அது. தாமிரபரணிப் பக்கத்துப் பையன் ஒருவன் இருபது வயதில் படைக்குப் போய், பல ஊர்க்காரர்களோடு ஒரே கூரையின் கீழ் வாழ்வது சாதாரணப் பயிற்சி இல்லை. அங்கே எல்லாருடைய பேச்சும் காதில் விழும், நம் பேச்சை எல்லாரும் கேலி செய்வார்கள், கொஞ்ச நாளில் நாமும் பதிலுக்கு அவர்களைப் போலவே பேசிக் காட்டக் கற்றுக்கொள்வோம். இது நடிப்புக்கான முதல் பாடம் என்று அவரே எங்கும் சொன்னாரோ இல்லையோ, படங்களைப் பார்த்தால் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

டெல்லியில் அப்போது நாடகம் போடுகிற தமிழர்கள் ஒரு கூட்டமே இருந்தார்கள். மத்திய அரசு அலுவலகங்களில் வேலைக்குப் போன தமிழ்க் குமாஸ்தாக்கள், அதிகாரிகள், வானொலிக்காரர்கள் என்று கரோல்பாக் பக்கம் குடியிருந்தவர்களுக்கு மாலை நேரத்தில் இருந்த ஊர் நினைப்புகளில் ஒன்று கச்சேரி, இன்னொன்று நாடகம். ஆல் இந்தியா ரேடியோவில் தமிழ்ச் செய்தி வாசித்த பூர்ணம் விஸ்வநாதன் டெல்லியிலிருந்து வந்தவர்தான். பாரதி மணியும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். பிற்பாடு பாரதி படத்தில் பாரதியின் அப்பாவாக வந்தவர். தட்சிண பாரத நாடக சபா என்ற குழுவில்தான் கணேசன் மேடை ஏறினார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். தமிழ் சினிமாவுக்கு நடிகர்கள் வந்த வழியைப் பெரிதாக இரண்டு தலைமுறையாகப் பிரிக்கலாம். முதல் தலைமுறை, சிறுவர்களை வைத்து நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனிகளிலிருந்து வந்தது. ஏழெட்டு வயதில் கம்பெனியில் சேர்த்துவிடுவார்கள்; சோறு, பாட்டு, வசனம், அடி எல்லாம் அங்கேயே. எம்.ஜி.ஆர்., சிவாஜி, டி.எஸ். பாலையா, எம்.என். நம்பியார், வி.கே. ராமசாமி என்று அந்த வரிசை நீளும். மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி வசனம் பேசிப் பழகிய குரல்கள் அவை. கேமரா முகத்துக்கு முன்னால் வந்து நின்றாலும் குரல் கொட்டகையின் கடைசி வரிசையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

இரண்டாவது தலைமுறை ஆபீஸ் விட்டு நாடகத்துக்கு வந்தவர்கள். இயக்குநர் கே. பாலசந்தர், அரசுக் கணக்குகளைப் பார்க்கும் ஏ.ஜி. ஆபீஸில் வேலை பார்த்தவர், நாகேஷ் ரயில்வேயில் இருந்தவர். பகலில் ஃபைல், சாயங்காலம் ஒத்திகை, சனி ஞாயிறு சபாவில் நாடகம் என்று வாழ்ந்த கூட்டம். இவர்களுக்கு மைக் இருந்தது, சின்ன அரங்கு இருந்தது, முக்கியமாக எதிரே உட்கார்ந்திருந்தவர்களும் அதே மாதிரி ஆபீஸ் போகிற ஆட்கள். லோன் கேட்கிற மாமாவையும், பெண்ணுக்கு வரன் தேடுகிற அப்பாவையும், மேலதிகாரிக்குப் பயப்படுகிற ஹெட்கிளார்க்கையும் கொஞ்சம் கூட்டிப் பேசினாலும் பார்வையாளர்களுக்கு உடனே தெரிந்துவிடும், அவர்கள் வீட்டிலேயே அப்படி ஒருவர் இருப்பார். அதனால் இந்தத் தலைமுறையின் நடிப்பு தானாகவே தணிந்து, பேச்சுவழக்குக்குப் பக்கத்தில் வந்தது. டெல்லி கணேஷ் இந்த இரண்டாவது தலைமுறையின் அசல் வார்ப்பு.

1974இல் விமானப்படையிலிருந்து வெளியே வந்து சென்னைக்கு வந்தார். காத்தாடி ராமமூர்த்தியின் நாடகக் குழுவில் நடித்தார். விசு எழுதிய பட்டினப் பிரவேசம் நாடகத்தைப் பாலசந்தர் படமாக்கியபோது அவருக்கு முதல் சினிமா வாய்ப்பு கிடைத்தது. படம் 1977இல் வந்தது. கிராமத்திலிருந்து பட்டணத்துக்குக் குடிபெயர்ந்து சிதறிப்போகிற ஒரு குடும்பத்தின் கதை. கணேசனை டெல்லி கணேஷ் ஆக்கியதும் பாலசந்தர்தான். நெல்லைச் சீமையில் பிறந்தவருக்கு டெல்லிப் பெயர். சினிமாவில் இதெல்லாம் சகஜம். ஆனால் ஒன்று, அந்தப் பெயரால் அவரை ஒரு ஊருக்குள்ளும் அடைக்க முடியாமல் போனது. மதுரைக்காரர், கோவைக்காரர் என்று முத்திரை குத்தியிருந்தால் அந்தப் பேச்சையே காலம் முழுக்கப் பேசச் சொல்லியிருப்பார்கள்.

வந்த இரண்டாவது வருஷத்திலேயே பசி கிடைத்தது. துரை இயக்கி 1979இல் வந்த படம். காகிதம் பொறுக்கப் போகும் குப்பம்மாவாக ஷோபா நடித்து, சிறந்த நடிகைக்கான தேசிய விருது வாங்கினார். படமும் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது வாங்கியது. ரிக்‌ஷா இழுக்கிற அப்பா முனியாண்டி, டெல்லி கணேஷ். அப்போது அவருக்கு வயது 35, ஷோபாவுக்குப் பதினேழு. முப்பதைத் தாண்டியதும் அப்பா வேஷம் கட்டுவது நம் சினிமாவில் புதிதல்ல, வி.கே. ராமசாமி நாம் இருவர் படத்தில் கிழவராக வந்தபோது அவருக்கு வயது இருபத்தொன்றுதான். அதற்கப்புறம் ராமசாமிக்கு இளமையே வரவில்லை. கதாநாயகர்களுக்கு வயசாகாத ஊரில் அப்பாக்களுக்குச் சீக்கிரம் வயசாகிவிடும். கமலைவிடப் பத்து வயதுதான் மூத்தவர் டெல்லி கணேஷ். ஆனால் மைக்கேல் மதன காமராஜனில் கமலை வளர்த்த அப்பா, சமையல்காரர் மணி ஐயர்.

பசிக்கு வருவோம். பொறுப்பான தகப்பன் என்று முனியாண்டியைச் சொல்லிவிட முடியாது. அப்படிப்பட்ட பாத்திரத்துக்கு அந்தக் காலத்தில் இரண்டு வழி இருந்தது. ஒன்று, குடித்துவிட்டுத் தள்ளாடி, கண்ணை உருட்டி, பார்க்கிறவனுக்கு எரிச்சல் வரும்படி செய்வது. இல்லை, கடைசியில் திருந்தி மார்பில் அடித்துக்கொண்டு அழுவது. டெல்லி கணேஷ் இரண்டு பக்கமும் போகவில்லை. மெட்ராஸ் பாஷையை அவர் பேசியவிதம்தான் இங்கே கவனிக்க வேண்டியது. அதுவரை சினிமாவில் மெட்ராஸ் பாஷை என்றால் பெரும்பாலும் சிரிப்புக்குத்தான். இன்னாவும் கஸ்மாலமும் வந்தாலே கொட்டகை சிரிக்கத் தயாராகிவிடும். சிரிப்புக்காகப் பேசுகிறவர்கள் அந்த வார்த்தைகளைத் தனியாக எடுத்து அழுத்துவார்கள். இவர் அழுத்தவில்லை. வேறு பாஷையே தெரியாத ஒருவன் அலுப்போடு பேசுகிற மாதிரி, வாக்கியத்தின் பாதியில் சுருதி இறங்கிவிடும், கடைசி வார்த்தை சில சமயம் வாய்க்குள்ளேயே போய்விடும். பட்டினியும் களைப்பும் அந்தத் தொய்வில் இருந்தன. வல்லநாட்டில் பிறந்து, டெல்லியில் நடிக்கக் கற்று, சென்னைக்கு வந்து ஐந்து வருஷம் ஆன ஒருவர் இதைச் செய்தார் என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாடு அரசு அந்தப் படத்துக்காக அவருக்குச் சிறப்புப் பரிசு கொடுத்தது. 1994இல் கலைமாமணி வந்தது.

பேச்சு, பேச்சு என்று நான் இத்தனை அழுத்திச் சொல்வதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் இருக்கிறது. அந்தக் காலத்துத் தமிழ்ப் படங்களில் படப்பிடிப்பில் பதிவாகும் சத்தம் வெறும் வழிகாட்டிதான். கேமரா ஓடுகிற சத்தம், லைட்மேன் கூப்பிடுவது, தெருவில் போகிற லாரி என்று எல்லாம் அதில் இருக்கும், தியேட்டருக்கு ஆகாது. படம் முடிந்து சில வாரமோ சில மாதமோ கழித்து நடிகர்கள் டப்பிங் தியேட்டருக்குப் போய், சின்னச் சின்னத் துண்டுகளாக, லூப் லூப்பாக ஓடும் தங்கள் காட்சியைப் பார்த்துக்கொண்டே உதட்டசைவுக்குப் பொருத்தி மறுபடி பேச வேண்டும். அதாவது ஒரு பாத்திரத்தை இரண்டு முறை நடிக்க வேண்டும்: ஒருமுறை உடம்போடு, ஒருமுறை இருட்டு அறையில் மைக்குக்கு முன்னால் வெறும் குரலோடு. எதிரே பேச ஆள் கிடையாது, கையில் பொருள் கிடையாது, ஓடி வந்து மூச்சிரைக்கப் பேசிய காட்சி என்றால் நின்ற இடத்தில் மூச்சிரைக்க வேண்டும். படப்பிடிப்பில் நன்றாகச் செய்துவிட்டு டப்பிங்கில் கோட்டைவிட்ட நடிகர்கள் நிறைய. முகம் ஒன்று சொல்லும், குரல் ஒப்பிக்கும்.

டெல்லி கணேஷுக்கு இது கைவந்த வேலை. பிறருக்கும் குரல் கொடுத்திருக்கிறார். பாலசந்தரின் 47 நாட்கள் படத்தில் சிரஞ்சீவிக்குத் தமிழ்க் குரல் இவருடையது. இந்தத் தகவலைத் தெரிந்துகொண்டு படத்தைப் பார்த்தால்கூட அது டெல்லி கணேஷ் என்று சட்டென்று பிடிபடாது. மனைவியை ஏமாற்றிப் பாரிசுக்குக் கூட்டிப்போகும் ஒருவனின் குரலில் மணி ஐயரையோ முனியாண்டியையோ எங்கே தேடுவது? மிமிக்ரி மேடைகளில் வி.எஸ். ராகவன் வருவார், நம்பியார் வருவார், எம்.ஆர். ராதா கண்டிப்பாக வருவார். டெல்லி கணேஷ் வருவது நான் பார்த்த வரையில் அபூர்வம். பிடித்துத் தொங்க ஒரு இழுவை, ஒரு கரகரப்பு, ஒரு பழக்க வார்த்தை வேண்டும் அவர்களுக்கு. இவர் எதையும் நிரந்தரமாக வைத்திருக்கவில்லை.

1985இல் வந்த சிந்து பைரவியில் மிருதங்க வித்வான் குருமூர்த்தி. சிவகுமார் செய்த ஜே.கே.பி. பாத்திரம் சங்கீதத்தில் ஒழுக்கம் பார்க்கிறவர். கச்சேரிக்குக் குருமூர்த்தி குடித்துவிட்டு வந்து நிற்கிறார், ஜே.கே.பி. அவரை மேடையேற விடாமல், பக்கவாத்தியத்தில் மிருதங்கமே இல்லாமல் பாடி முடிக்கிறார். பிற்பாடு ஜே.கே.பி.யே குடியில் விழப்போகிறார் என்பதால் கதைக்கு இந்தக் காட்சி முக்கியம். முதலில் குடிக்கும் ஆள் பார்க்கிறவர்களுக்கு வெறும் குடிகாரனாகத் தெரிந்துவிட்டால் பின்னால் விழுகிறவரின் வீழ்ச்சிக்கு எடை இருக்காது. குருமூர்த்தி வித்வானாகவும் தெரிய வேண்டும், குடிகாரராகவும் தெரிய வேண்டும், நண்பனிடம் அவமானப்பட்டவராகவும் தெரிய வேண்டும். சபா வட்டாரத்துக்கு என்று ஒரு பேச்சு உண்டு. மரியாதையாகத்தான் இருக்கும், ஆனால் உள்ளே ஊசி இருக்கும். மற்றவர்களிடம் அந்தப் பேச்சு பேசுகிற குருமூர்த்தி, ஜே.கே.பி.க்கு முன்னால் அதைத் தொலைத்துவிட்டுக் குழறுவார். போதையைக் காட்ட அவர் தள்ளாட்டத்தை அதிகம் நம்பவில்லை, நிதானமாக இருப்பதாகக் காட்டிக்கொள்ள முயல்கிற ஆளாகத்தான் செய்தார். குடித்தவர்களைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அவர்கள் தள்ளாடுவதைவிடத் தள்ளாடாமல் இருக்கப் படும் பாடுதான் அதிகம்.

ஒரே வருஷத்தில் அவர் எதிரெதிர்ப் பாத்திரங்களை எப்படிச் செய்தார் என்பதற்கு அதே 1985இல் வந்த ஸ்ரீ ராகவேந்திரரைச் சொல்லலாம். அதில் சுவாமிகளின் பக்தர் அப்பணாச்சாரியார். இங்கே குடிகார வித்வான், அங்கே பக்திப் பழம்.

அப்புறம் கமல் படங்கள். நாயகன் (1987) படத்தில் வேலு நாயக்கருடன் கடைசி வரை நிற்கிற ஐயர். அந்தக் கூட்டத்தில் விஷயம் தெரிந்த, கணக்குத் தெரிந்த, சத்தம் போடாத ஆள். அதைப்பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் விடுகிறேன். அபூர்வ சகோதரர்கள் (1989) பற்றித்தான் போதுமான அளவு பேசவில்லை என்று நினைக்கிறேன். நான்கு வில்லன்கள்: நாகேஷ், ஜெய்சங்கர், நாசர், டெல்லி கணேஷ். இதில் நாசரைத் தவிர மூன்று பேரும் மக்கள் மனதில் பெரும்பாலும் நல்லவர்களாகப் பதிந்தவர்கள். சிரிக்க வைத்தவர், கதாநாயகனாக ஓடியவர், அப்பாவி அப்பாவாக வந்தவர். மூன்று பேரையும் கொலைகாரர்களாகப் போட்டதில் இருந்த குறும்பு, படம் பார்த்த அன்றைக்கு வேலை செய்தது. பிரான்சிஸ் அன்பரசு என்கிற அந்தப் பாத்திரத்தை அவர் மிரட்டலாகவே செய்யவில்லை. ஊரில் பெரிய மனிதர் என்று பெயர் வாங்கின ஒருவர் வழக்கமாகப் பேசுகிற, கொஞ்சம் அலுத்துக்கொள்கிற தொனியில் பேசிக்கொண்டே அக்கிரமம் செய்வார். உறுமுகிற வில்லன்களைப் பார்த்துப் பழகின நமக்கு அது புதுசு.

1990இல் மைக்கேல் மதன காமராஜன். இயக்கம் சிங்கீதம் சீனிவாச ராவ், வசனம் கிரேசி மோகன், அதாவது அபூர்வ சகோதரர்கள் கூட்டணியே. பாலக்காட்டு மணி ஐயர், வளர்ப்பு மகன் காமேஸ்வரன், கல்யாணச் சமையல். பந்தி நடந்துகொண்டிருக்கிறது, சைவச் சாப்பாடு, சாம்பாரில் மீன் விழுந்துவிட்டது. காட்சியின் அமைப்பு என்ன என்று பாருங்கள். பயம் முழுக்க உள்ளே நடக்கிறது, பரிமாறல் முழுக்க வெளியே நடக்கிறது. உள்ளே கத்த முடியாது, கத்தினால் பந்திக்குத் தெரிந்துவிடும். ஆகவே அலற வேண்டிய வசனங்களை எல்லாம் தொண்டையை அடைத்துக்கொண்டு பேச வேண்டும். அதையும் பாலக்காட்டுத் தமிழில், மலையாளம் கலந்து, ஒவ்வொரு வாக்கியத்தின் வாலையும் இழுத்து ஏற்றிப் பேசுகிற ராகத்தில் பேச வேண்டும். பதறினால் ராகம் போய்விடும், ராகத்தைப் பார்த்தால் பதற்றம் போய்விடும். டெல்லி கணேஷ் இரண்டையும் கூட்டிப் பேசியிருக்கிறார். பதற்றம் ஏற ஏற அந்த இழுவை குட்டையாகிக்கொண்டே போகும், ஆனால் அறுந்துவிடாது.

கிரேசி மோகனின் வசனத்துக்கு ஒரு குணம் உண்டு. பேசுகிறவனுக்கு அது ஜோக் என்று தெரிந்துவிட்டால் ஜோக் செத்துவிடும். வார்த்தை விளையாட்டு, தப்பாகப் புரிந்துகொள்ளுதல், ஒருவர் பேசி முடிப்பதற்குள் அடுத்தவர் நுழைதல் என்று எல்லாம் வேகத்தில் நடக்கும்; நடிகர் ஒரு வினாடி நின்று, இப்போது சிரியுங்கள் என்கிற மாதிரி முகத்தைத் திருப்பினால் போச்சு. கமல் வேகமாக அடிக்கும்போது எதிரே நிற்பவர் தன் பாத்திரத்தின் கவலையில் மூழ்கியிருக்க வேண்டும். மணி ஐயருக்கு அது நகைச்சுவைக் காட்சியே இல்லை. தொழில் போகப்போகிறது, மானம் போகப்போகிறது, அவ்வளவுதான். அந்தக் காட்சியை ஒரு தடவை கமலைப் பார்க்காமல் டெல்லி கணேஷை மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். வசனம் இல்லாத இடங்களில் அவர் செய்வதுதான் அதிகம்: கண் பந்திப் பக்கம் போகும், திரும்பும், மறுபடி போகும்.

அவ்வை சண்முகியில் (1996) ஜெமினி கணேசனின் விஸ்வநாத ஐயரிடம் வேலை பார்க்கும் சேதுராம ஐயர். மணி ஐயரும் ஐயர், இவரும் ஐயர், எழுதியதும் கிரேசி மோகன். ஆனால் ஒருவரை இன்னொருவர் என்று யாரும் குழப்பிக்கொள்ள மாட்டோம். மணி ஐயர் வெள்ளந்தி, சேதுராம ஐயர் முதலாளி காசில் கை வைக்கிற ஆள். இவருடைய தமிழில் பாலக்காடு கிடையாது, மைலாப்பூர்ப் பக்கத்து வழவழப்பு. பணிவாகப் பேசும்போதே எதையோ மறைக்கிறார் என்று தெரியும்படியான பணிவு. தெனாலியில் (2000) டாக்டர் பஞ்சபூதம். சக மருத்துவரின் பெயரும் புகழும் பொறுக்காமல், அவரைக் கவிழ்க்கத் தெனாலியை அவரிடம் அனுப்பிவைக்கிறார். படித்தவனின் பொறாமை வேறு மாதிரி பேசும், அது பாராட்டில் ஆரம்பிக்கும். அதையும் அளவாகச் செய்திருப்பார்.

இத்தனைக்கும் 400 படத்தில் இப்படிச் சொல்லத்தக்கவை எத்தனை? ஒரு முப்பது தேறலாம், என் கணக்கில். மிச்சம் எல்லாம் கல்யாணத்துக்கு முன்னால் சம்பந்தி பேசும் மாமா, ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் அப்பா, ஒரே ஒரு காட்சியில் வரும் மேனேஜர். இதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது, தொழிலின் கணக்கு அப்படி. கதாநாயகன் வருஷத்துக்கு இரண்டு மூன்று படம் செய்தால் போதும். குணச்சித்திர நடிகருக்கு ஒரு படத்தில் எட்டு நாளோ பத்து நாளோதான் வேலை இருக்கும், சம்பளமும் அதற்கேற்ற அளவுதான். அடுப்பு எரிய வேண்டுமென்றால் ஒரே சமயத்தில் நாலைந்து படம் கையில் வேண்டும். கால்ஷீட்டும் அவர் இஷ்டத்துக்கு இல்லை. காம்பினேஷன் காட்சி என்று சொல்வார்கள், ஹீரோவும் இவரும் சேர்ந்து வர வேண்டிய காட்சி. ஹீரோ தேதி கொடுத்த அன்று இவர் இருந்தாக வேண்டும், ஹீரோ வரவில்லை என்றால் மேக்கப் போட்டு உட்கார்ந்துவிட்டுத் திரும்ப வேண்டும். காலையில் ஒரு ஸ்டுடியோவில் ஒருத்தருக்கு அப்பா, மத்தியானம் இன்னொரு ஸ்டுடியோவில் இன்னொருத்தரை ஏய்க்கும் கணக்குப்பிள்ளை என்று ஓடும் பிழைப்பில், ஒரு பேச்சிலிருந்து இன்னொன்றுக்குக் கார் பயணத்துக்குள் மாறத் தெரிந்தவர்தான் தாக்குப்பிடிக்க முடியும். நாடகப் பழக்கம் இங்கேதான் கைகொடுத்தது. வசனத்தை ஒருமுறை கேட்டால் பிடித்துக்கொள்ளும் நடிகரை இயக்குநர்கள் விடமாட்டார்கள். ஃபிலிம் சுருள் காசு கொடுத்து வாங்கிய காலத்தில் ஒரே டேக்கில் ஓகே ஆகும் ஆள் தயாரிப்பாளருக்கும் லாபம்.

ஒரு வருத்தமும் உண்டு. மணி ஐயர் வெற்றிக்கு அப்புறம் தமிழ் சினிமா அவரை ஐயர் வேஷத்துக்குள்ளேயே சுற்ற விட்டது. பூணூல், விபூதி, அசடு வழிகிற சிரிப்பு. வசனம் எழுதுகிறவர்களுக்கும் சிரமமில்லை. முனியாண்டியைச் செய்த மனிதரிடம் மறுபடி ஒரு ரிக்‌ஷாக்காரரைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. தென்பாண்டிச் சீமையில் பிறந்தவரைச் சொந்த ஊர்ப் பேச்சில் முழு நீளத்துக்குப் பேச விட்ட ஒரு பெரிய பாத்திரம் சட்டென்று என் நினைவுக்கு வர மறுக்கிறது. எல்லா ஊர்ப் பேச்சும் பேசினவர் வாயில் வல்லநாடு குறைவாகத்தான் கேட்டது.

2000க்கு அப்புறம் அப்பா வேஷத்தின் சந்தையே மாறியது. பழைய கதாநாயகர்கள் அப்பாக்களாக வர ஆரம்பித்தார்கள். சத்யராஜும் பிரபுவும் அப்பாவாக நின்றால் போஸ்டரிலும் முகம் போடலாம். சாதாரண முகத்துக்கு இருந்த இடம் சுருங்கியது. கூட்டுக் குடும்பமும் சம்பந்தி சண்டையும் தொலைக்காட்சித் தொடர்களுக்குக் குடிபோய்விட்டன, அவரும் அங்கே நடித்தார். ஆச்சரியம் என்னவென்றால் யூடியூப் வந்தபோது, முதல் குறும்படம் எடுக்கிற பையன்களுக்கும் நடித்துக் கொடுத்தார். கையில் காசில்லாத, சினிமாப் பின்னணி இல்லாத இருபத்தைந்து வயதுக்காரர்கள் ஒரு தாத்தா பாத்திரம் எழுதிக்கொண்டு கேட்டால், அந்த வயதில் இன்னும் ஒரு நாடகக் குழுவில் சேருகிற ஆள் மாதிரி போய் நின்றிருக்கிறார். 2016இல் மகன் மகா கதாநாயகனாக நடித்த என்னுள் ஆயிரம் படத்தைத் தயாரித்தார். 2024இல் வந்த இந்தியன் 2 வரை நடித்துக்கொண்டே இருந்தார். அவர் இறந்ததும் விமானப்படையினர் வந்து மரியாதை செய்தார்கள். அவர் விமானப்படையில் இருந்தார் என்பதே பலருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இப்போதும் நல்ல குணச்சித்திர நடிகர்கள் வருகிறார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். கூத்துப்பட்டறை நாடகக் குழுவிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள், குறும்படங்களிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். வட்டாரப் பேச்சுக்கு இப்போது மவுசும் கூடியிருக்கிறது. ஆனால் மதுரைக் கதைக்கு மதுரைக்காரரை, வடசென்னைக் கதைக்கு வடசென்னைக்காரரைத் தேடிப் பிடிக்கிற முறை இது. பேச்சு அசலாக இருக்கிறது, அந்த நடிகருக்கு அடுத்த படமும் அதே பேச்சில்தான் கிடைக்கிறது. ஒரே ஆள் ஊர் ஊராக வாய் மாறிப் பேசுவதற்கு வாரக்கடைசி நாடகமும் பல ஊர் ஆட்களோடு பத்து வருஷ வாழ்க்கையும் தேவைப்பட்டன, சபா நாடகங்கள் மெலிந்துபோன பிறகு அந்தப் பயிற்சிக்கு வேறு இடம் இன்னும் சரியாக அமையவில்லை.

மீன் சாம்பாரை மட்டும் பார்த்தவர்கள் பசியைத் தேடிப் பிடித்துப் பாருங்கள். முடிந்தால் முதல் அரை மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள், மணி ஐயர் எங்காவது தட்டுப்படுகிறாரா என்று.